மூன்று மணி ஜெபமும் 23 பெயர்களும்

வாசகி கேள்வி (பட்டர்வொர்த், மலேசியா):

அக்கா, ஸ்தோத்திரம். எனக்கு 41 வயது. பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் கியூ.சி. (தரப் பரிசோதனை) வேலை, 14 வருடமாகிறது. வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார், பெரும்பாலும் ராத்திரியில், பிறையிலிருந்து கிள்ளானுக்கு. ஒரே மகன், இந்த வருடம் எஸ்.பி.எம். பரீட்சை எழுதுகிறான்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஃபேக்டரி பஸ் பினாங்குப் பாலத்தில் ஏறியதும் திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கையெல்லாம் மரத்துப்போய், செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். ஆஸ்பத்திரியில் இருதயத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து நிம்மதி போய்விட்டது. வீட்டுக்காரருக்கு ஒரு ராத்திரியில் ஏழெட்டு முறை போன் செய்கிறேன். பகல் ஷிப்டு வாரங்களில் மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும். எழுந்து 23 பேருடைய பெயரைச் சொல்லி ஜெபிப்பேன். ஒரு பெயர் விட்டுப்போன மாதிரி தோன்றினால் முதலிலிருந்து ஆரம்பிப்பேன். புதன், வெள்ளி உபவாசம். அப்படியும் சமாதானம் இல்லை. சபையில் ஒரு சகோதரி, "இது பயத்தின் ஆவி, உனக்கு விசுவாசம் போதவில்லை" என்றார். அரசாங்க கிளினிக்கில் 21 கேள்விகள் உள்ள ஒரு தாளை எழுதச் சொன்னார்கள். பிறகு செர்ட்ராலின் மாத்திரை கொடுத்தார்கள். இன்னும் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. மாத்திரை போட்டால் ஆண்டவரை நம்பவில்லை என்று ஆகிவிடாதா? இவ்வளவு ஜெபித்தும் எனக்கு ஏன் சமாதானம் வரவில்லை?

– பட்டர்வொர்த் வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை பாலம்தான் கண்ணில் பட்டது. இரண்டாம் முறை அந்த 23 பெயர்களைத் தாண்டிப் போக முடியவில்லை. விஷயம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கு வருகிறேன். அதற்கு முன், அலமாரியில் இருக்கும் மாத்திரையை எடுத்து வெளியே வைத்துவிடலாம்.

நான் டாக்டர் இல்லை, ஆலோசகர். மருந்து எழுதும் உரிமை எனக்குக் கிடையாது. ஆனால் உங்களை நேரில் பார்த்து, கேள்வித் தாளை வைத்துக் கணக்குப் பார்த்து, ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து அது. செர்ட்ராலின் தூக்க மாத்திரை வகையைச் சேர்ந்ததல்ல. பழகிப்போய் விட முடியாமல் ஆகிவிடும் என்ற பயம் வேண்டாம். வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும். முதல் சில நாட்களில் குமட்டல் வரலாம். படபடப்பு கொஞ்சம் கூடின மாதிரியும் இருக்கலாம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்தான் பலர் நாலாம் நாளே "எனக்கு ஒத்துக்கவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். அப்படி வந்தால் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். சரியாகிவிட்டது என்று தோன்றும்போதும் நீங்களாக ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். மாத்திரை வாங்கி நாளாகிவிட்டதால், ஆரம்பிக்கும் முன் கிளினிக்குக்கு ஒரு முறை போய், "இன்னும் போடவில்லை, பயமாக இருந்தது" என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஒரு வெள்ளி (ரிங்கிட்)தான் கட்டணம், திட்ட மாட்டார்கள். கையோடு தைராய்டுக்கும் இரத்தசோகைக்கும் இரத்தப் பரிசோதனை ஆகிவிட்டதா என்று கேளுங்கள். இரண்டுமே நெஞ்சுப் படபடப்பைக் கிளப்பிவிடக்கூடியவை. நாற்பதைத் தாண்டிய பெண்களிடம் அடிக்கடி கண்ணில் படுபவையும்கூட.

விசுவாசக் கேள்விக்கு வருவோம். அந்தச் சகோதரி சொன்ன "பயத்தின் ஆவி" எந்த வசனத்திலிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். 2 தீமோத்தேயு 1:7. "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல், பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார்." பயத்தைப் பிடித்துக்கொள்கிறவர்கள் கடைசியில் நிற்கும் "தெளிந்த புத்தி"யை விட்டுவிடுகிறார்கள். கிளினிக்குக்குப் போனது தெளிந்த புத்தி. அதோடு, இந்தத் தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய முந்தின நிருபத்தைப் பாருங்கள். "உன் வயிற்றிற்காகவும், உனக்கு அடிக்கடி நேரிடுகிற பலவீனங்களுக்காகவும், கொஞ்சம் திராட்சரசமும் கூட்டிக்கொள்" என்கிறார் (1 தீமோத்தேயு 5:23). அந்தக் காலத்தில் அது கைவைத்தியம். "வயிறு சரியில்லையா, விசுவாசம் போதவில்லை" என்று அவர் எழுதவில்லை. பவுலோடு கூடவே இருந்த லூக்கா ஒரு வைத்தியர். "பிரியமான வைத்தியனாகிய லூக்கா" என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். இதற்கு மேல் இந்த வாதத்தில் நாம் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. அந்தச் சகோதரி நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். அடுத்த முறை சொன்னால், "எனக்காக ஜெபியுங்கள் அக்கா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுங்கள்.

பாலத்தில் உங்களுக்கு நடந்தது பதற்றத் தாக்குதல். வீட்டில் புகை வராமலே தீ அலாரம் அலறுவது மாதிரி. உடம்பில் அட்ரினலின் பாய்கிறது, மூச்சு வேகமாகிறது, வேகமாக மூச்சு விடுவதாலேயே கை விரல்கள் மரத்துப்போகின்றன. அதைப் பார்த்து மனசு "சாகப்போகிறேன்" என்கிறது. அது கேட்டு உடம்பு இன்னும் பதறுகிறது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கிவிடும். யாரும் இறக்கிவிட வேண்டியதில்லை. இது உங்களுக்கு நல்ல செய்தி, ஏனென்றால் பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். பிறைப் பக்கம் ஏறும்போது தொடங்கினால்கூட கெலுகோர் பக்கம் இறங்குவதற்குள் அலை உடைந்துவிடும். காலை நெரிசலில் பஸ் ஊர்ந்தால், பாலத்தின் மேலேயே அது வந்து, உச்சிக்குப் போய், இறங்கியும் முடிந்துவிடும்.

இனி அந்த 23 பெயர்கள்.

நீங்கள் சமையலறையில் கேஸை மூடிவிட்டு வாசல்வரை வந்து, "மூடினேனா?" என்று திரும்பிப் போய்ப் பார்த்ததுண்டா? எல்லாரும் ஒரு தடவை பார்ப்போம். ஆனால் பார்த்துவிட்டு வந்து, மறுபடி சந்தேகம் வந்து, மறுபடி போய், அப்படி ஐந்து முறை போகிறவர்களும் இருக்கிறார்கள். ஐந்தாம் முறை போகிறவருக்கு முதல் முறை போனவரைவிட நிம்மதி அதிகமா? குறைவு. ஒவ்வொரு முறை போகும்போதும், "போய்ப் பார்த்தால்தான் பாதுகாப்பு" என்று தன் மனசுக்குத் தானே பாடம் எடுக்கிறார். சந்தேகம் அதனால் கொழுக்கிறது.

மூன்று மணிக்கு நீங்கள் செய்வது, தங்கச்சி, கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கேஸ் அடுப்பு மாதிரி ஆகிவிட்டது. ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த ஆளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம்தானே முதலிலிருந்து ஆரம்பிக்க வைக்கிறது? கடிதத்தில் நீங்கள் அதை எழுதவில்லை, ஆனால் வரிகளுக்குள் கேட்கிறது. அப்படிப் பார்த்தால் அந்த ஜெபம் டோல் கட்டுவது போல. அட்டையைத் தட்டினால்தான் கதவு திறக்கும், வீட்டுக்காரரின் லோரி போகும். தட்டினது பதிவாகவில்லை என்றால் திரும்பவும் தட்ட வேண்டும். டோல் கட்டுகிறவருக்கு எப்படிச் சமாதானம் வரும்? நாளைக்கு மறுபடி கட்ட வேண்டுமே.

குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நானும் இதில் விழுந்தவள்தான். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு, பல மாதங்கள் நடுராத்திரியில் எழுந்து அவர் அறைக்குப் போவேன். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று வாசலில் நின்றே பார்ப்பேன். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து ஜெபிப்பேன். ஜெபித்து முடித்ததும் மறுபடி போய்ப் பார்ப்பேன். ஒரு நாள் அம்மா விழித்துக்கொண்டு, "ஆண்டவரிடம் சொன்னியா இல்லையா? சொல்லிட்டு நீயும் காவலுக்கு நின்னா அவர் எதுக்கு?" என்று அரைத் தூக்கத்தில் கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆலோசகர் பயிற்சிக்குப் போன பிறகுதான் அம்மா என்ன கேட்டார் என்பது புரிந்தது.

உங்கள் விசுவாசம் போதவில்லை என்பதற்கு இந்தக் கடிதத்தில் எனக்கு ஒரு சான்றும் கிடைக்கவில்லை. கவலை உங்கள் ஜெபத்துக்குள்ளேயே குடிவந்துவிட்டது. வீட்டைச் சுற்றித் தேடியவர்கள் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். உங்களுக்கு முன்னால் பெரிய பக்தர்களுக்கும் இது வந்திருக்கிறது. 1522-இல் ஸ்பெயினில் மன்ரேசா என்ற ஊரில் தங்கியிருந்த இக்னேஷியஸ் லொயோலா, சேசு சபையை பிற்பாடு தொடங்கியவர், பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்துவிட்டு வருவார். ஏதோ விட்டுப்போனது என்று தோன்றும். மறுபடி போய்ச் சொல்வார். மறுபடியும் தோன்றும். ஜெபமும் உபவாசமும் கூடக்கூட வேதனையும் கூடியது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வரைக்கும் போனதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பழைய பாவங்களை இனி மறுபடி அறிக்கையிடப்போவதில்லை என்று ஒரு நாள் தீர்மானித்தபோதுதான் அதிலிருந்து விடுபட்டார். அறிக்கையை அதிகமாக்கி அவர் சமாதானத்துக்கு வரவில்லை, நிறுத்தி வந்தார்.

உங்களுக்கு இருப்பது அந்த அளவுக்கான எண்ணச் சுழல் நோயா (ஓ.சி.டி., ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வருவது), பொதுவான பதற்றமா என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் கிளினிக்கில் பெயர்களைத் திரும்பத் திரும்பச் சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஜெபத்தைப் பற்றி டாக்டரிடம் யார் பேசுவார்கள்? பேசுங்கள். மருந்தின் அளவும், அதோடு தரும் மனப்பயிற்சியும் அதைப் பொறுத்து மாறும்.

அப்படியானால் ஜெபத்தை விட்டுவிடுவதா? இல்லவே இல்லை. எப்படி ஜெபிப்பது என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் உங்கள் ஃபேக்டரியிலேயே இருக்கிறது.

ஷிப்டு முடியும்போது என்ன செய்வீர்கள்? லைனில் எந்த லாட் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, எந்த மெஷின் தகராறு செய்கிறது, எதை மறுபடி சோதிக்க வேண்டும், எல்லாவற்றையும் புத்தகத்தில் எழுதி, அடுத்த ஷிப்டு ஆளிடம் காட்டி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு பஸ் ஏறுகிறீர்கள். வீட்டுக்கு வந்து, "அந்த மூன்றாம் மெஷின் என்ன ஆச்சோ" என்று மறுபடி பாலத்தைக் கடந்து போய்ப் பார்த்ததுண்டா? 14 வருடத்தில் ஒரு நாளாவது? மெஷின் சரியாகிவிட்டது என்பதால் நீங்கள் நிம்மதியாக வருவதில்லை. அது கெட்டேதான் கிடக்கும். பொறுப்பு கைமாறிவிட்டது என்பதால் வருகிறீர்கள்.

பிலிப்பியர் 4:6-ஐ இப்போது படித்துப் பாருங்கள். "நீங்கள் ஒன்றுக்குங்கவலைப்படாமல், எல்லாவற்றையுங்குறித்து உங்கள் விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும் வேண்டுதலினாலும் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்." தெரியப்படுத்துங்கள் என்பதுதான் அங்கே வினைச்சொல். விடியும்வரை கெஞ்சச் சொல்லவில்லை, ஒன்றும் விட்டுப்போகாமல் ஒப்பிக்கச் சொல்லவில்லை. தெரியப்படுத்தினால் போதும், ஷிப்டு மாற்றும்போது தெரியப்படுத்துவது போல. அடுத்த வசனத்தில், தேவசமாதானம் உங்கள் இருதயங்களையும் சிந்தைகளையும் "காத்துக்கொள்ளும்" என்று வருகிறது. மூலத்தில் கிரேக்கச் சொல் இராணுவத்தைச் சேர்ந்தது, வாசலில் படை நின்று காவல் காப்பது. பிலிப்பி ரோமப் போர்வீரர்களைக் குடியேற்றிய ஊர், படித்தவர்களுக்கு உடனே விளங்கியிருக்கும். எழுதியவரோ விலங்கோடு காவலில் இருந்தவர். காவல்காரன் என்றால் யார் என்பது அவருக்கு வேறு விதமாகவும் தெரியும். அந்தச் சமாதானம் வாசலில் நிற்கும், உள்ளே நீங்கள் தூங்கலாம். அம்மா கேட்டதும் இதைத்தான்.

இந்த வசனத்தைக் காட்டி யாராவது, "கவலைப்படுவதே பாவம்" என்றால், 2 கொரிந்தியர் 11:28-ஐயும் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாச் சபைகளையும் குறித்த கவலை என்னை நாள்தோறும் நெருக்குகிறது என்று எழுதியவர் வேறு யாருமில்லை, பவுலேதான். இரண்டு இடத்திலும் கவலைக்கு அவர் பயன்படுத்துவது ஒரே வேர்ச்சொல். தினமும் கவலை வந்தது, தினமும் ஒப்படைத்தார். கெத்செமனேயில் ஆண்டவருக்கே வியர்வை இரத்தத்தின் பெருந்துளிகளைப்போல விழுந்தது. அவருக்கு யாரும் விசுவாசம் போதவில்லை என்று சொல்லவில்லை.

செய்ய வேண்டியது இது. உங்கள் வீட்டில் குதிரைக் காலண்டர் மாட்டியிருப்பீர்கள், பெரிய எழுத்தில் தேதி போட்டது. முடிந்துபோன மாதத்தாளைக் கிழித்துப் பின்பக்கம் பாருங்கள், வெள்ளையாக இருக்கும். ராத்திரி சாப்பாடு முடிந்ததும், மூன்று மணிக்கு அல்ல, எட்டு மணியைப்போல, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதில் எழுதுங்கள். இருபத்து மூன்று வேண்டாம், அன்றைக்கு எது அழுத்துகிறதோ அது. பொதுவாக "குடும்பத்தைக் காப்பாற்றும்" என்று எழுதாதீர்கள். "இன்றைக்கு அவர் ஈப்போ தாண்டும்போது மழை என்று சொல்கிறார்கள். தூங்கிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது." "மகன் கணக்கில் பின்தங்கியிருக்கிறான்." மூன்று வரி, நான்கு வரி. அன்று நன்றி சொல்ல ஒன்று இருந்தால் அதையும் சேருங்கள், ஸ்தோத்திரத்தோடே என்று இருக்கிறதே. சத்தமாக ஒரு தடவை வாசியுங்கள். கீழே தேதி போட்டு, உங்கள் ஃபேக்டரியில் போடுவது போலவே கையெழுத்துப் போடுங்கள். மடித்து பைபிளுக்குள் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போங்கள்.

"ஒரு பெயர் விட்டுப்போச்சு" என்ற எண்ணம் வரும். கட்டாயம் வரும், முதல் வாரத்தில் பயங்கரமாகவே வரும். வந்தால் அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள். இதுதான் பயிற்சியின் கஷ்டமான இடம், கை நடுங்கும். "ஆண்டவரே, விட்டுப்போனதும் உமக்குத் தெரியும்" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு, அந்தப் பதற்றத்தோடேயே கையில் இருக்கிற வேலையைப் பாருங்கள். நீங்கள் கேட்கும் முன்னமே உங்கள் தேவை இன்னது என்று பிதா அறிந்திருக்கிறார் என்பது மத்தேயு 6:8. அதற்கு முந்தின வசனம் வார்த்தைகளை அடுக்குவதைப் பற்றியது. அதை நீங்களே எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மெதடிஸ்ட் சபையில் மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கமில்லை. ஆனால் ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன் கோயில் திருவிழாவுக்கு நான் போவதுண்டு. ஜூலை 26-ஐ ஒட்டி நாடு முழுவதிலுமிருந்து ஆட்கள் வருவார்கள், கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல. ஒருமுறை ஒரு பாட்டி மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, இன்னொன்றின் உருகிய மெழுகில் அழுத்தி நிறுத்திவைத்தார். அரை நிமிடம் கண்ணை மூடினார். அவ்வளவுதான், பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டுக் கடைப் பக்கம் போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் நாசி லெமாக் வாங்கிக்கொண்டிருந்தபோதும் அந்த மெழுகுவர்த்தி எரிந்துகொண்டுதான் இருந்தது.

மூன்று மணி முழிப்பு உடனே நிற்காது. முழித்தால் போனை எடுக்காதீர்கள், பட்டியலையும் எடுக்காதீர்கள். சங்கீதம் 4:8-இன் முதல் பாதி மட்டும் போதும். மூச்சை இழுக்கும்போது "சமாதானத்தோடே", விடும்போது "படுத்துக்கொண்டு நித்திரை செய்வேன்". இரண்டாம் பகுதி நீளம், அதனால் மூச்சு வெளியே போவது தானாக நீளும். உள்ளே போவதைவிட வெளியே விடுவது நீளமானால் நெஞ்சுத் துடிப்பு மெதுவாகும். இது உடம்பின் அமைப்பு, ஆண்டவர் அப்படித்தான் படைத்திருக்கிறார். எண்ணிக்கை வைத்துக்கொள்ளாதீர்கள், எண்ணினால் அதுவும் டோலாகிவிடும். இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து ஹாலில் மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து துணி மடியுங்கள். கண் சொக்கினதும் படுங்கள்.

உபவாசத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள். இதை நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். 12 மணி நேர ஷிப்டு, வெறும் வயிறு, அதற்கு மேல் கோப்பி. எத்தனை கிளாஸ் என்று நீங்கள் எழுதவில்லை, நைட் ஷிப்டு ஆட்களுக்கு மூன்று நாலு சாதாரணம். கோப்பியில் இருக்கும் கஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். வெறும் வயிற்றில் அது கிளப்பும் படபடப்புக்கும் பாலத்தில் வந்த படபடப்புக்கும் உங்கள் மூளைக்கு வித்தியாசம் தெரியாது. 1 இராஜாக்கள் 19-இல் எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். தேவதூதன் வந்து தட்டி எழுப்பி என்ன கொடுத்தான்? வசனமா? தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். எலியா சாப்பிட்டார், மறுபடி தூங்கினார். இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பாடுதான் கொடுத்தான். பிரசங்கத்தில் நாம் பிறகு வரும் ஆண்டவருடைய மெல்லிய சத்தத்துக்குத் தாவிவிடுகிறோம், அடையை விட்டுவிடுகிறோம். புதன்கிழமையும் பசியாறிவிட்டு வேலைக்குப் போங்கள். பாஸ்டர் கேட்டால் டாக்டர் சொன்னார் என்று சொல்லலாம், டாக்டரிடம் கேட்டால் அவரும் அதைத்தான் சொல்வார்.

பாலத்துக்கு வேறு வழி தேடாதீர்கள். ஃபெர்ரியில் போய் அங்கிருந்து பஸ் எடுக்கலாம் என்ற யோசனை உங்களுக்கு வந்திருக்கும். பாலத்தைத் தவிர்க்கத் தவிர்க்க அது நீளும். அதே பஸ், அதே இருக்கை. தொடங்கும்போது, "இது போகட்டும்" என்று ஜெபிக்காதீர்கள். அப்படிக் கேட்டால் போய்விட்டதா, போய்விட்டதா என்று ஒவ்வொரு வினாடியும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். "நடுங்கிக்கொண்டே இருக்கிறேன், நீரும் கூட இரும்" என்றால் போதும். கண்ணை மூடாமல் வெளியே பாருங்கள். நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், மயக்கம் வந்தால், அது வேறு கதை, அப்போது ஆம்புலன்ஸுக்கு 999.

இவ்வளவையும் தனியாகச் செய்ய வேண்டாம். கிளினிக்கில் மனநலப் பிரிவுக்கோ ஆலோசகருக்கோ கடிதம் கேளுங்கள். வெளியே போவதானால், 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர்கள் சட்டத்தின்படி பதிவு பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். சபையில் உங்களுக்காக ஜெபிக்க ஒருவரை, ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். உடனே வசனம் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருக்கத் தெரிந்தவராக இருக்கட்டும். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால், மனம் விட்டுப் பேச பெஃப்ரெண்டர்ஸ் தொலைபேசிச் சேவை இருக்கிறது, எந்த நேரமானாலும் 03-7627 2929. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் ஹீல் 15555-க்கும் அழைக்கலாம். அங்கே பேசுவதும் தெரியப்படுத்துவதுதான்.

கடைசியாக உங்கள் வீட்டுக்காரர் விஷயம். ராத்திரி ஏழெட்டு அழைப்பு என்றால், ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஏழெட்டுத் தடவை அவர் கண் சாலையை விட்டுப் போனை நோக்கித் திரும்புகிறது. எதற்காகப் பயப்படுகிறீர்களோ அதை நீங்களே கொஞ்சம் கிட்டே கொண்டுவருகிறீர்கள். இதைச் சொன்னால் மனசு கஷ்டப்படும் என்று தெரியும், சொல்லாமல் விடவும் முடியவில்லை. இந்தக் கடிதத்தை அவரையும் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் போடுங்கள். தாப்பா ஓய்வுத் தலத்தில் அவர் எப்படியும் நிறுத்துவார், அங்கே இறங்கியதும் அவர் ஒரு செய்தி அனுப்பட்டும். கிள்ளானில் சரக்கு இறக்கியதும் இன்னொன்று. நீங்கள் அழைக்கக் கூடாது. முதல் வாரம் ஏழு அழைப்பை நாலாக்குங்கள், அடுத்த வாரம் இரண்டு, பிறகு அவருடைய இரண்டு செய்தி மட்டும். தாப்பாவிலிருந்து செய்தி வர அரை மணி நேரம் தாமதமானால் என்ன செய்வது என்றுதானே கேட்கப்போகிறீர்கள்? அவர் தே தாரேக் குடித்துக்கொண்டிருப்பார். நீங்கள் எட்டு மணிக்குக் கையெழுத்துப் போட்ட தாள் பைபிளுக்குள் இருக்கும். படுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதம் கழித்து எழுதுங்கள், காலண்டர் தாள் எத்தனை ஆயிற்று என்று.

அன்புடன்,
உங்கள் அக்கா